நெருக்கம் வேறு, பெருக்கம் வேறு

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் வருகிறாராம். பிறகு நெடுந்தீவுக்கும் ஒருநாள் போக எண்ணமாம். கையில் நல்ல கமராவும் 100 முதல் 500 மில்லிமீற்றர் வரையிலான கனொன் சூம் வில்லையும் இருக்கின்றன. கேள்வி இதுதான்: “இரண்டு மடங்கு ரெலிகொன்வேர்ட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டு வரட்டோ? அது இருந்தால் ஆயிரம் மில்லிமீற்றர் ஆகிவிடும், குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றபடியே நயினாதீவில் நிற்பவர்களின் முகத்தை எடுக்கலாம் என்று கடையில் சொல்கிறார்கள்.”

“வேண்டாம். அந்தக் காசில் படகேறுங்கள்” என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிலிம் காலத்து ஆள் என்றும், இன்றைய கண்ணாடியில்லாக் கமராக்களின் வல்லமை எனக்குத் தெரியாதென்றும் மறுநாள் எழுதினார். ஒரு வரியில் பதில் சொன்னது என் பிழை. ஆனால் பதில் பிழையல்ல. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களின் தோளில் ஒவ்வோர் ஆண்டும் வில்லைகள் நீண்டுகொண்டே போவதையும் காண்கிறேன். ஆகவே என் பதிலை விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்தக் கருவி செய்வது என்ன என்பதைப் பார்ப்போம். கமராவுக்கும் வில்லைக்கும் இடையே பொருத்தும் ஒரு சிறு குழாய். அதற்குள் குழிவு வில்லைத் தொகுதி ஒன்று. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 19ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கிகளுக்காக உருவாக்கிய வில்லையின் வழிவந்தது. முன்னால் இருக்கும் பெரிய வில்லை உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை எடுத்து, சென்சர் முழுவதற்கும் அது விரித்துப் போடுகிறது. 1.4 மடங்குக் கொன்வேர்ட்டர் போட்டால் பிம்பம் ஒவ்வொரு பக்கமும் 1.4 மடங்காக விரிவதனால், பரப்பு இரண்டு மடங்காகிறது, ஒளி பாதியாகிறது. இரண்டு மடங்குக் கொன்வேர்ட்டர் போட்டால் பரப்பு நான்கு மடங்கு, ஒளி காற்பங்கு. இதில் கடைக்காரர் தள்ளுபடி எதுவும் தரமுடியாது.

நண்பரின் வில்லை 500 மில்லிமீற்றரில் எஃப் 7.1 அளவுக்கே திறக்கும். இரண்டு மடங்கைப் பொருத்தினால் அது எஃப் 14 ஆகிவிடும். அதிகாலையில் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில், ஐஎஸ்ஓ 1600இல் எடுக்கக்கூடிய படத்துக்கு இப்போது ஐஎஸ்ஓ 6400 வேண்டும். படத்தில் மணல் தூவினாற்போல் இருக்கும். மென்பொருளைக் கொண்டு மணலை அகற்றினால் சிறகின் இழையும் சேர்ந்து போய்விடும். அத்துடன், துவாரம் அவ்வளவு சிறுக்கும்போது ஒளியின் விளிம்பு வளைவினாலேயே கூர்மை குறையத் தொடங்குகிறது. நாற்பத்தைந்து மெகாபிக்சல் சென்சர் வாங்கியவர் அந்தப் பிக்சல்களில் பெரும்பகுதியை மங்கலைப் பதிவதற்கே செலவிடுகிறார்.

இன்னொன்றையும் கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வில்லையில் கொன்வேர்ட்டரைப் பொருத்த வேண்டுமானால் சூமை 300 மில்லிமீற்றருக்கு அப்பால் நீட்டிவைக்க வேண்டும். பொருத்தியபின் அதற்குக் கீழே சுருக்க முடியாது. 100–500 ஆக இருந்தது 1.4 மடங்கில் 420–700 ஆகிவிடும். இரண்டு மடங்கில் 600–1000 ஆகிவிடும். படகில் பக்கத்தில் இருக்கும் தன் பிள்ளையை அவர் எடுக்க முடியாது. சூம் வில்லையை நாம் வாங்குவதே அகலத்துக்கும் ஒடுக்கத்துக்கும் இடையே நினைத்தவுடன் போய்வரத்தானே? அந்த வசதியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஓர் ஒடுங்கிய குழாயைச் சுமந்துகொண்டு திரிவதில் என்ன இலாபம்?

பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. 100–400 சூமில் இரண்டு மடங்கைப் பொருத்தினால் 800 மில்லிமீற்றரில் எஃப் 11. பெரும்பாலான கமராக்களின் தானியங்கிக் குவியம் எஃப் 5.6க்கு அப்பால் குருடு. விலையுயர்ந்தவை எஃப் 8 வரை தாக்குப்பிடித்தன. புதிய கமராக்கள் இருளிலும் குவியம் பிடிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர் சொல்லும் வல்லமை அதுதான். ஆனால் குவியம் சரியாகப் பிடித்த மங்கலும் மங்கல்தான்.

இந்த இடத்தில் எங்கள் தீவகத்தின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் கடல் தெரியும். ஆழமில்லாத பரவைக்கடல், சிறகுவலைக் கம்புகள் நிற்கும், ஆட்கள் இடுப்பளவு நீரில் நடந்து தொழில் செய்வார்கள். காலை எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் நீரும் சேறும் வீதியின் தாரும் சூடேறிவிடும். அதன் மேலே காற்று நெளியத் தொடங்கும். கானல் என்று நாம் சொல்வது அதைத்தான். இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பறவையின் கால் வளைந்து வளைந்து ஆடும். எந்த விலையுயர்ந்த வில்லையும் இந்த நெளிவை நேராக்காது. கொன்வேர்ட்டர் பறவையை இரட்டிப்பாக்கும்போது கானலையும் இரட்டிப்பாக்கும்.

நான் இதைச் சோதித்தே பார்த்தேன். ஒரு தை மாதத்தில் முக்காலியில் கமராவை ஏற்றி, பண்ணைக் கடலோரம் ஒரே இடத்திலிருந்து காலை ஆறரைக்கும் நண்பகலிலும் எடுத்தேன். கொன்வேர்ட்டருடன் ஒன்று, கொன்வேர்ட்டர் இல்லாமல் எடுத்து நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்தது ஒன்று. காலைப் படங்களில் 1.4 மடங்கு கொஞ்சம் கூடுதலாக இறகைக் காட்டியது, மறைக்கவில்லை. நண்பகலில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டும் ஒரே கூழ். நாற்பத்தைந்து மெகாபிக்சல் படத்தின் நடுக் காற்பங்கை மட்டும் வெட்டினாலும் பதினொரு மெகாபிக்சல் மிஞ்சும்; நாளிதழின் பக்கத்தை முழு அகலத்துக்கு நிரப்ப அது போதும். கத்தரிக்கோலால் ஆகும் வேலைக்கு எதற்குக் கண்ணாடி?

இதுவரை சொன்னது கருவிக் கணக்கு. இந்தக் கருவியை நான் சந்தேகிக்கத் தொடங்கியது கருவிக் கணக்கினால் அல்ல. அந்தக் கதை என்னுடைய பிழை பற்றியது. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. கடலில் இறங்கத் தொடங்கியிருந்த எங்கள் மீனவருக்கு, பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் பெருந்தொல்லையாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றை றோலர் என்பார்கள். கடலின் அடியை வழித்துச் செல்லும் அந்த மடிகள், கடன் பட்டு வாங்கிய வலைகளையும் அறுத்துக்கொண்டு போகும். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் எல்லை தாண்டி வருகிற படகை நிறுத்தச் சட்டம் மட்டும் போதவில்லை. நான் அப்போது வேலைசெய்த பத்திரிகையின் படப்பிடிப்பாளர், இளைஞர், நெடுந்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தார். 100–400 சூம், இரண்டு மடங்குக் கொன்வேர்ட்டர், குவியத்தைக் கையால் திருகிப் பிடித்தது. முன்னால் எங்கள் மீனவர் ஒருவரின் சிறு வள்ளம். அதன் தலைக்குமேல் ஏறுவதுபோல் ஓர் இழுவைப் படகு. “வள்ளத்தை உரசிச் செல்லும் இந்திய இழுவைப் படகு” என்று விளக்கம் எழுதி முதற்பக்கத்தில் போட்டது நான்தான். அந்தக் காலையில் என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இரண்டு நாட்களின் பின் நெடுந்தீவிலிருந்து முதியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். “தம்பி, அந்த வள்ளம் என்ரை” என்றார். “கரையிலையிருந்து அரைக் கிலோமீற்றரிலை நான் நிண்டனான். றோலர் எனக்கு ஒண்டரை மைல் வெளியாலை நிண்டது. நீங்கள் உரசினதெண்டு போட்டிருக்கிறியள். ஒருநாள் அவங்கள் உண்மையாய் வந்து உரசேக்கை எந்தப் படத்தைப் போடப்போறியள்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் திட்டவில்லை, தேநீர்கூடக் குடித்துவிட்டுத்தான் போனார். பிறகு மீன்பிடி பற்றிய கூட்டமொன்றில், மறுதரப்புக்காகப் பேசிய ஒருவர் அதே படத்தைத் தூக்கிக் காட்டி, இதுபோலத்தான் இவர்களுடைய மற்ற முறைப்பாடுகளும் என்று சொன்னதாக அறிந்தேன். அறுந்த வலைகள் உண்மை. இழந்த வருமானம் உண்மை. அந்த உண்மைகளின் கழுத்தில் என் விளக்கவரி கயிறாகத் தொங்கியது.

இந்தப் பொய் எப்படி நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். முழுச்சட்டக் கமராவில் 800 மில்லிமீற்றர் வில்லை, அரைக் கிலோமீற்றரில் இருபத்திரண்டு மீற்றர் அகலத்தைப் பார்க்கும்; மூன்று கிலோமீற்றரில் நூற்று முப்பத்தைந்து மீற்றர் அகலத்தைப் பார்க்கும். ஆறு மீற்றர் வள்ளம் சட்டத்தின் காற்பங்கைப் பிடிக்க, பதினைந்து மீற்றர் இழுவைப் படகு ஒன்பதில் ஒரு பங்கைப் பிடிக்கும். இரண்டும் ஒரே சட்டத்துக்குள், ஒன்றன் பின் ஒன்றாய். இடையில் கிடக்கும் இரண்டரைக் கிலோமீற்றர் நீர் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடுகிறது. பார்க்கும் கண் அந்த நீரைக் கணக்கெடுப்பதில்லை.

இதற்கு வில்லையைக் குற்றம்சாட்டுவது வழக்கம். நீண்ட வில்லை தூரத்தை நசுக்கும் என்பார்கள். சரியாகச் சொன்னால், நசுக்குவது வில்லையல்ல. நாம் நிற்கும் இடம். அதே கரையிலிருந்து சாதாரண வில்லையால் எடுத்து நடுவை வெட்டினாலும் அதே தோற்றம்தான் வரும். அந்த முதியவரின் வள்ளத்துக்கு ஐம்பது மீற்றர் கிட்டப் போய், ஒரு சிறு வில்லையால் எடுத்திருந்தால், வள்ளத்தின் நீளத்தில் இருபதில் ஒரு பங்காக இழுவைப் படகு தொடுவானத்தில் நின்றிருக்கும். அதுவே அன்றைய உண்மை. கொன்வேர்ட்டர் செய்த தீமை என்னவென்றால், கிட்டப் போகவேண்டிய தேவையே இல்லையென்று எங்களை நம்பவைத்ததுதான்.

இதில் மிகவும் வேதனையானது எதுவென்று பிறகுதான் உறைத்தது. எங்களுக்குப் பொய் தேவைப்படவே இல்லை. கரையில் நிற்கும் மனிதனின் கண் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரம் என்று வைத்தால், தொடுவானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றரில் இருக்கிறது. காற்றின் வளைவால் சற்றே கூடலாம். ஒரு படகின் அடிப்பாகம் நீரைத் தொடும் இடம் வரை தெரிகிறதென்றால், அது அந்தத் தூரத்துக்குள் நிற்கிறது. அப்பால் நின்றால் அடி மறைந்து மேற்பகுதி மட்டும் தெரியும். நெடுந்தீவுக்குத் தென்மேற்கே, பத்துக் கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தில் கச்சதீவு; 1974 ஒப்பந்தத்தில் வகுத்த கடலெல்லை அதற்கும் மேற்கே. ஆகவே நெடுந்தீவுக் கரையில் நின்று ஓர் இழுவைப் படகை அடிவரை கண்டேன் என்று ஒருவர் சொன்னால், எல்லை தாண்டி வெகுதூரம் உள்ளே வந்த படகை அவர் கண்டிருக்கிறார். அந்தப் படம் அதைத்தான் நிரூபித்தது. “நெடுந்தீவுக் கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இந்திய இழுவைப் படகு” என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. உரசியது என்று எழுதி, கையில் இருந்த சாட்சியை நானே கெடுத்தேன்.

தொடுவானக் கணக்கு நண்பரின் குறிகட்டுவான் திட்டத்துக்கும் பொருந்தும். நயினாதீவு சில கிலோமீற்றர் தூரம். கோபுரம் வெறுங்கண்ணுக்கே தெரியும்; கொன்வேர்ட்டரால் அதன் சிற்பங்களை எண்ணலாம் என்பது ஆனி மாதத்து வெயிலில் நடவாத காரியம். அது சோளகக் காலம். காற்று முக்காலியையே உலுக்கும். உப்புத்துளி கண்ணாடியில் படியும். வில்லையைக் கழற்றி இடையில் இன்னொன்றைப் பொருத்தும் ஒவ்வொரு தடவையும் சென்சருக்குள் உப்பும் புழுதியும் போகும்.

சரி, அப்படியானால் இந்தக் கருவிக்கு இடமே இல்லையா? உண்டு. நான் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்திருக்கிறேன். இந்தத் தூரம் யாருக்காக? மாரிகாலத்தில் மண்டைதீவுக் கடலிலும் யாழ்ப்பாணப் பரவைக்கடலின் வேறு ஓரங்களிலும் பூநாரைகள் இறங்குகின்றன. அவை சேற்றுநீரை அலகால் வடித்து இரைதேடும் பறவைகள். ஒரு கூட்டத்தைக் கிட்டப் போய் எழுப்பினால், அன்று தின்றதில் ஒரு பகுதியைப் பறப்பதிலேயே செலவழித்துவிடும். அங்கே தூரம் பறவைக்காக. அங்கே 1.4 மடங்கை, விடியற்காலையில், முக்காலியுடன் பயன்படுத்துங்கள், நானே பயன்படுத்துகிறேன். ஆனியில் வரும் நண்பருக்குப் பூநாரைக் கூட்டங்களைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னோர் இடமும் உண்டு. அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. கொன்வேர்ட்டரைப் பொருத்தினாலும் வில்லையின் கிட்டிய குவியத் தூரம் மாறுவதில்லை. ஒரு மீற்றரில் குவிக்கும் வில்லை அதே ஒரு மீற்றரில் இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். தும்பி, வண்ணத்துப்பூச்சி, கரையோர நண்டு இவற்றுக்கு அது அருமையான துணை. ஒரு மீற்றர் காற்றில் கானலும் இல்லை. தொலைவுக்கென்று விற்கப்படும் கருவி தன் முழுத் திறமையையும் அருகிலேதான் காட்டுகிறது.

இனி நெடுந்தீவுக் குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த கட்டாக்காலிகள். இணையத்தில் அவற்றின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை ஒரே படம்: பின்னால் மங்கிய வெளி, முன்னால் பிடரி பறக்கும் குதிரை, கீழே சுதந்திரம் என்று ஒரு சொல். வாகனத்தில் இருந்தபடியே நீண்ட வில்லையால் எடுத்தவை. பின்னணி மங்கிப்போனதால் அந்த வெளியில் புல் இருந்ததா, நீர் இருந்ததா என்று படத்தில் தெரியாது. இறங்கி நடந்து, குளத்தங்கரையில் ஒரு பூவரச நிழல் தேடி இரண்டு மணிநேரம் இருந்து பாருங்கள். அவையே வரும். கடும் வரட்சிக் காலமென்றால் விலாவெலும்பு தெரியும். வற்றிய குளத்தின் வெடித்த சேறு தெரியும். நீரின்றிக் குதிரைகள் இறந்த ஆண்டுகளும் உண்டு. அங்கே தேவையானது குதிரையும் குளமும் ஒரே சட்டத்துக்குள் வரும் அகன்ற படம். ஆயிரம் மில்லிமீற்றர் வில்லை குளத்தை வெட்டியெறிந்துவிட்டுப் பிடரியை மட்டும் தருகிறது.

மனிதரைப் பற்றிச் சொல்வதற்கே இவ்வளவும் சொன்னேன். நயினாதீவுத் திருவிழாவில் ஆண்கள் வெயிலில் பிரதட்டை செய்வார்கள். பெண்கள் அடியழித்து வருவார்கள். காணாமற்போன மகனுக்காக நேர்த்தி வைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஈரச் சேலையுடன் மண்ணில் நெற்றி வைத்து அழுகின்ற ஒரு தாயின் முகத்தை, நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு மதிலின் மேல் நின்று, அவளுக்குத் தெரியாமல் பறித்துக்கொண்டு போவது எந்த வகையில் சேரும்? “தெரியாமல் எடுத்தால்தான் இயல்பாக இருக்கும்” என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பூநாரையைக் கலைக்காதே என்று சொல்லும் நியாயத்தை மனிதருக்கும் நீட்டுகிறார்கள். பறவையிடம் கேட்க முடியாது; அதனால் விலகி நிற்கிறோம். தாயிடம் கேட்கலாம். கேட்டால் அவர் மறுக்கக்கூடும் என்பதற்காகவே விலகி நிற்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

நான் கேட்டு மறுக்கப்பட்டவன், பலமுறை. கேட்டு, சம்மதம் பெற்று, கூடவே ஒரு கதையையும் பெற்றவன், அதைவிடப் பலமுறை. எனக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் பெரும்பாலானவை, படம் எடுக்கலாமா என்று கேட்கப் போன இடத்தில் கிடைத்தவை. நூறு மீற்றருக்கு அப்பாலிருந்து பெயர்கூடக் கேட்க முடியாது.

நாங்கள் விலகி நின்ற காலம் ஒன்று இருந்தது. 1990இல் தீவகத்தைப் படையினர் கைப்பற்றியபின், நீண்ட காலம் அங்கே போவதற்கே அனுமதி வேண்டும். நீண்ட வில்லையுடன் சோதனைச் சாவடியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. தூரத்திலிருந்து ஒன்றிரண்டு சட்டங்கள் எடுத்துக்கொண்டு ஒதுங்கினோம். அது கட்டாயம். அந்தக் காலத்திலும் கிட்டப்போய்க் கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள். தேர்தல் முறைகேடுகளைப் பற்றிச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்ரோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கிட்டப் போவதற்கு அவ்வளவு விலை கேட்ட ஊரில் இன்று படகுக் கட்டணம் மட்டும்தான் கேட்கிறார்கள். அதையும் தவிர்க்க ஒரு குழாய் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுப்புகள் வரும் என்று தெரியும். எல்லோராலும் எல்லா இடத்துக்கும் கிட்டப் போக முடியாதே என்பார்கள். உண்மை. முழங்கால் வலியுள்ளவர், கடற்படை மறித்த கரை, மைதானத்தின் எல்லைக்கோடு இவையெல்லாம் உண்டு. அங்கே இருக்கும் வில்லையால் எடுங்கள், வெட்டுங்கள். மிகத் தேவையென்றால் 1.4 மடங்கைப் போடுங்கள். செய்திப்படமாக வெளியிட்டால் நின்ற இடத்தையும் தூரத்தையும் விளக்கத்தில் எழுதுங்கள். இன்று கைத்தொலைபேசியே அகலாங்கு நெட்டாங்கைச் சொல்கிறது. இழுவைப் படகைப் படமெடுக்க மீனவருடன் போகிறவர் அதையும் பதிந்துவைத்தால், எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க முடியாது. இத்தனை செய்தபின்னும் இரண்டு மடங்கு வேண்டும் என்கிற ஒருவரை நான் தடுக்கப்போவதில்லை. அவர் தூரத்தை அறிந்தே நிற்கிறார்.

நண்பருக்கு இறுதியாக. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகில் ஏறுங்கள். 100–500 சூமைப் பையில் வைத்துவிட்டு, ஒரு சிறு வில்லையைக் கமராவில் போடுங்கள். ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். பக்கத்தில் அரிசி மூட்டையுடன் இருப்பவருடன் கதையுங்கள். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகின் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடலைத்தான் நீங்கள் கடக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாமலிருக்கலாம். படகில் இருக்கும் வயதானவர்கள் பலருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள், அல்லது பேசாமல் கடலைப் பார்ப்பார்கள். இரண்டையும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து காணட்டும்.

அந்த முதியவரைப் பிறகு ஒருமுறை நெடுந்தீவில் சந்தித்தேன். அவருடைய வள்ளத்திலேயே ஏறிப் போய்ப் படமெடுக்கக் கேட்டேன். “இப்பதான் வழிக்கு வந்திருக்கிறியள்” என்று சிரித்தார். அன்று கடலில் இழுவைப் படகு எதுவும் வரவில்லை. வலையைத் தைத்துக்கொண்டிருந்த அவருடைய கைகளை எடுத்தேன். ஐம்பது மில்லிமீற்றர் வில்லை. ஒரு முழத் தூரம். கேட்டுத்தான் எடுத்தேன்.